வரைபடம் கீறும் பிள்ளைக்கு எந்த மடிக்கணினி?

(சங்க மண்டபத்தில் வாலிபர்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றிய பேச்சு)



சங்கச் செயலாளர் எம்மிடம் வந்து இக்கூட்டத்திற் பேசவேண்டுமென்று கேட்டபோது, எதைப்பற்றிப் பேசுவது என்று வினாவினோம். "இலக்கியம் பேசப் பலபேர் இருக்கினம். நீங்கள் ஏதாவது காசு மிச்சம் பிடிக்கிற விடயம் பேசுங்கோ" என்றார். பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த காலம். எமது பிள்ளைகளிற் சிலர் படவரைஞர் வகுப்புக்கும், சிலர் கட்டடத் துறைக்கும், சிலர் இயந்திரத் துறைக்கும் போக ஆயத்தமாகின்றனர். 2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை தொடங்கிய பின்னர் இத்துறைகளுக்குச் செல்லும் பிள்ளைகளை எமது ஊரில் அடிக்கடி காண்கிறோம். அவர்கள் வீடுகளிலெல்லாம் எந்த லப்டொப் வாங்குவது என்பதே பேச்சு. அதைப்பற்றியே பேசுகிறோம் என்று உடனே ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிட்டால் எமது மனப்பாரம் குறையும்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எமது அயலிலுள்ள தாயொருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். மகனுக்குக் கட்டட வரைபடக் கற்கைநெறி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. "அண்ணை, உங்களுக்குத்தான் கொம்பியூட்டர் விளங்கும். தம்பிக்கு ஒண்டு பார்த்து வாங்கித் தாங்கோ" என்றார். அவர் கையிலே எப்போதும் கிடக்கும் இரண்டு காப்புகள் அன்று கிடக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் எமது ரூபாவுக்கு நேர்ந்த கதியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கெல்லாம் விலை அந்த வேகத்திலேயே ஏறிற்று.

கடைக்குப் போனோம். விலைச் சீட்டிலே ஐ-7 என்று பெரிய எழுத்தில் இருந்தது. மெல்லிய உடல், அழகிய வெள்ளி நிறம். "ஐ-7 எண்டால் பேசத் தேவையில்லை" என்றார் கடையில் நின்ற இளைஞர். நாமும் தலையை ஆட்டினோம். நினைவகம் 8 ஜீ.பி. என்று சிறிய எழுத்தில் இருந்ததைப் பார்த்தோம். "அதைப் பிறகு கூட்டலாந்தானே" என்று சொன்னோம். அதை எம்மிடம் ஒருவரும் கேட்கவில்லை; நாமாகவே சொன்னோம்.

இரண்டாம் ஆண்டிலே தம்பிக்குச் செயற்றிட்ட ஒப்படை வந்தது. இரண்டு மாடிக் கட்டடமொன்றை ரெவிட் என்னும் மென்பொருளில் முழுமையாக அமைக்கவேண்டும். தொடக்கத்தில் எல்லாம் நன்றாக நடந்தது. படம் வளர வளர இயந்திரம் சோர்ந்தது. ஒரு சுவரை அசைத்துவிட்டு எழுந்து போய்த் தேநீர் குடித்து வரலாம் என்ற நிலை. நினைவகத்தைக் கூட்டுவோமென்று திறந்து பார்த்தபோதுதான், அது தாய்ப்பலகையோடு சேர்த்து ஒட்டப்பட்டது, கழற்றவோ கூட்டவோ முடியாதது என்று தெரிந்தது. தம்பி இரவிரவாக நண்பனொருவனின் அறைக்குப் போய், அவன் உறங்கும் நேரத்தில் அவனுடைய கணினியில் இருந்து வேலையை முடித்தான். ஒப்படை இரண்டு நாள் பிந்திற்று; புள்ளியும் குறைந்தது. இவையெல்லாம் எமக்கு ஓராண்டு கழித்தே தெரியவந்தன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "உங்களுக்கு மனம் நோகுமெண்டு சொல்லேல்லை" என்றான். அந்தத் தாயோ இன்றுவரை எம்மைக் கண்டால், நல்லதாகப் பார்த்து வாங்கித் தந்தீர்கள் என்றே சொல்கிறார்.

பிழை கடையில் நேர்ந்ததன்று. கடைக்குப் போகுமுன்பே நேர்ந்துவிட்டது. தம்பி எந்த மென்பொருளில் வேலை செய்யப்போகிறான் என்று நாம் கேட்கவேயில்லை. நெல்லுக்கா விறகுக்கா என்று கேளாமல் வண்டி வாங்கிய கதைதான். ஆதலின் இன்று நாம் சொல்லவிருப்பதன் சாரம் இதுவே: கற்கைநெறியின் முதற்கடிதம் கையில் வந்தவுடன் விரிவுரையாளரிடம் கேட்கவேண்டியது, எந்த மென்பொருள், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதே. அம்மென்பொருளை ஆக்கியோர் அதற்கு என்ன கணினி வேண்டுமென்று தமது இணையத்தளத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தத் தாளை அச்செடுத்துக் கையிற் கொண்டே கடைப்படி ஏறவேண்டும்.

முன்வரிசையிலிருக்கும் பெரியவர்களிற் சிலர் ஓவசியர்களாகவும் படவரைஞர்களாகவும் கடமை பார்த்தவர்கள். நாங்கள் பலகையும் டீ வடிவ மட்டமும் வைத்துக் கீறிய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றனவே, இதற்கு இத்தனை பாடா என்று அவர்கள் மனத்துள் நினைப்பது எமக்குக் கேட்கிறது. கட்டடங்கள் நிற்பது உண்மை. ஆயின் ஒரு யன்னலை இரண்டடி தள்ளவேண்டி வந்தால், நிலப்படத்திலும் முகப்புப் படத்திலும் வெட்டுமுகத்திலும் தனித்தனியே மையைச் சுரண்டித் திருத்தியவர்களும் அவர்களே. இன்றைய கட்டட மென்பொருளில் யன்னலை ஓரிடத்தில் தள்ளினால் எல்லாப் படங்களிலும் அது தள்ளப்படும். யன்னற் கணக்குப் பட்டியலும் தானே திருந்தும். அந்தத் திருத்த வேலையை முன்பு ஐயாமாரின் கை செய்தது, இப்போது இயந்திரம் செய்கிறது. ஆதலாலேதான் இயந்திரத்துக்கு வலு வேண்டியிருக்கிறது.

கணினியிலே படம் கீறுவது புதிய காரியமும் அன்று. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லண்ட் என்பவர் 1963ஆம் ஆண்டில் தமது கலாநிதிப் பட்ட ஆய்வாக, ஒளிப்பேனாவால் திரையிலே கோடு கீறும் ஸ்கெட்ச்பாட் என்னும் முறையை ஆக்கிக் காட்டினார். அதற்கு அவர் பயன்படுத்திய கணினியை மடியில் வைப்பது பற்றி நினைத்தும் பார்க்கமுடியாது. அஃது ஓர் அறையையே நிரப்பும். 1982இல் ஓட்டோகாட் வெளிவந்தபின் மேசைக் கணினியில் படம் கீறுவது சிறு அலுவலகங்களுக்கும் எட்டிற்று. இன்று அதே தொழிலைப் பையில் தூக்கிச் செல்கிறோம்.

இனி வேலையின் வகையைப் பார்ப்போம். காணி வரைபடம், வீட்டு நிலப்படம் முதலிய தட்டைப் படங்களை மட்டும் கீறுவோர்க்குச் செலவு குறைவு. அண்மைக்காலத்து நடுத்தர மடிக்கணினி எதுவும் அவர்களுக்குப் போதும். பற்சக்கரம், பம்பி, இயந்திர உறுப்பு முதலியவற்றைத் திண்ம உருவாகச் சொலிட்வேர்க்ஸ் போன்றவற்றில் அமைப்போர்க்கும், முழுக் கட்டடத்தை ரெவிட்டில் அமைப்போர்க்கும் வலுவான இயந்திரம் வேண்டும். கட்டிய வீட்டை வெயிலும் நிழலும் விழ நிழற்படம் போலக் காட்டுவோர்க்கு அதிலும் கூட வேண்டும். கடைக்காரரிடம் வெறுமனே காட் படிக்கிறான் என்று சொன்னால், இந்த மூன்றில் எதுவென்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் செயலி, அதாவது கணினியின் மூளை. அதற்குள் இக்காலத்தில் பல கருக்கள் உண்டு; கடையில் அவற்றைக் கோர் என்பர். கரு எத்தனை என்பதைத்தான் பெரிதாக விளம்பரம் செய்வார்கள். ஆனால் வரைபட வேலையின் பெரும்பகுதி ஒரு கருவின் வேகத்திலேயே தங்கியிருக்கிறது. ஏனெனில் இயந்திர உறுப்பொன்றை அமைக்கும்போது, முதலில் கட்டை, அதன்மேல் துளை, துளையின் விளிம்பிலே வளைவு என்று ஒன்றன்பின் ஒன்றாகவே கணக்கு நடக்கவேண்டும். துளை எங்கே என்று தெரியாமல் அதன் விளிம்பை வளைக்க முடியாது. இது கிணறு வெட்டுவதைப் போன்றது. மேலே பத்துப்பேர் நின்றாலும் அடியில் நின்று வெட்டுபவன் ஒருவனே. அவன் கை எவ்வளவு வேகமோ அவ்வளவே கிணற்றின் வேகம். நிழற்படம் போலக் காட்டும் வேலை மட்டும் நாற்று நடுவதைப் போன்றது. எத்தனை பேர் இறங்கினாலும் அத்தனை விரைவாக முடியும். ஓட்டோகாட் 2025க்கு எழுதப்பட்ட தேவைப் பட்டியலும் கருக்களின் எண்ணிக்கையை வற்புறுத்தாமல் வேகத்தையே சொல்கிறது. அடிப்படை வேகம் 3 கிகாஹேட்சும், முடுக்கிய வேகம் 4 கிகாஹேட்சும் அதற்கு மேலும் இருத்தல் நன்று என்பது அதன் பரிந்துரை.

ஐ-5, ஐ-7 என்னும் பெயர்களால் நாம் ஏமாந்த விதத்தையும் சொல்லவேண்டும். அப்பெயரின் பின்னே வரும் இலக்கத்தின் முடிவில் ஓர் எழுத்து நிற்கும். அந்த எழுத்தைத்தான் நாம் பார்க்கவில்லை. நாம் வாங்கியது ஐ-7 1255 'யூ'. அதில் வலிய கருக்கள் இரண்டு, சிக்கனக் கருக்கள் எட்டு. அது தொடர்ந்து உழைப்பதற்கு வகுத்த மின்வலு 15 வாற்று. அதே தலைமுறையில் வந்த ஐ-5 12500 'எச்' என்பதில் வலிய கருக்கள் நான்கு, சிக்கனக் கருக்கள் எட்டு. அதற்கு வகுத்த மின்வலு 45 வாற்று. நொடிப்பொழுது வேலையில் முன்னையது சளைக்காது. முடுக்கிய வேகத்தில் ஒரு பிடி கூடவும் நிற்கும். ஆனால் அரைமணி நேரம் தொடர்ந்து உழைக்கச் சொன்னால், மூன்று மடங்கு வலு பெற்றது முன்னே போய்விடும். பெயரில் ஏழு என்றிருந்தது ஐந்து என்றிருந்ததற்குப் பின்னே நிற்கும் விந்தை இதுவே. மெல்லிய கணினிகள் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் செய்யப்பட்டவை. அவற்றிற் குறை இல்லை. அவற்றை வயலில் இறக்கியதே எமது குறை.

அடுத்தது நினைவகம், கடையில் ராம் என்பர். தம்பியைக் கைவிட்டது இதுவே. வேலை நடக்கும் மேசை இது என்று கொள்ளுங்கள். மேசை சிறிதானால் தாள்களை ஒவ்வொன்றாக அலுமாரிக்குக் கொண்டுபோய் வைத்தும் எடுத்தும் வேலை செய்யவேண்டும். நேரமெல்லாம் நடையிலேயே போகும். ஓட்டோகாட் 2025க்கு 8 ஜீ.பி. அடிப்படை, 32 ஜீ.பி. பரிந்துரை. ரெவிட் 2025 என்றால் 16 ஜீ.பி. இல்லாமல் தொடங்கவே வேண்டாம் என்கிறார்கள். பெரிய கட்டடங்களுக்கு 32, 64 என்று ஏறுகிறது. சொலிட்வேர்க்சும் 16 ஜீ.பி. கேட்கிறது. எமது தீர்ப்பு யாதெனில், தட்டைப் படம் மட்டும் கீறுவோர்க்கும் 16 வேண்டும். திண்ம உருவோ கட்டடமோ அமைப்போர் 32க்குப் போகக்கூடிய கணினியை எடுக்கவேண்டும். இப்போது கையில் உள்ள காசுக்கு 16 வாங்கி, பின்பு கூட்டலாம். ஆனால் கூட்ட முடியுமா என்பதைக் காசு கொடுக்குமுன் கேட்டறிக. பலகையில் ஒட்டியதா, செருகும் இடம் உண்டா, எத்தனை இடம், எத்தனை வெறுமை என்று கேட்டு, மறுமொழியைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி வாங்குங்கள். இரண்டு இடங்களிலும் ஒத்த அளவில் இரண்டு துண்டுகள் இருப்பது, ஒரே பெரிய துண்டு இருப்பதைவிட வேகமானது என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது.

வன்தட்டைப் பற்றி நெடுகப் பேசவேண்டியதில்லை. சுழலும் பழைய வன்தட்டு வேண்டாம், எஸ்.எஸ்.டி. எனப்படும் அசையாத் தட்டே வேண்டும். 512 ஜீ.பி. இருந்தால் மாணவர்க்குக் காணும்.

வரைகலை அட்டையைப் பற்றியே வாலிபர் எம்மிடம் அதிகம் கேட்கிறார்கள். கிராபிக்ஸ் கார்ட் என்றால்தான் விளங்கும். தாய்தந்தையரை அதிகம் செலவழிக்கச் செய்வதும் இதுவே. தட்டைப் படம் கீறுவோர்க்குத் தனி அட்டை வேண்டியதில்லை. செயலிக்குள்ளேயே அடங்கிய வரைகலை போதும். ஆனால் அது தனக்கென்று நினைவகம் இல்லாதது. பொது நினைவகத்திலிருந்தே தன் பங்கை எடுக்கும். 8 ஜீ.பி. உள்ள கணினியில் அதுவும் பங்கு கேட்டால் படத்துக்கு மிஞ்சுவது எவ்வளவென்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

திண்ம உருவங்களைச் சுழற்றிப் பார்ப்போர்க்குத் தனி அட்டை வேண்டும். அதிலே இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று விளையாட்டுக்கென்று ஆக்கப்பட்டது. என்விடியா நிறுவனத்தின் ஜீபோர்ஸ் இக்குலத்தது. மற்றையது தொழிலுக்கென்று ஆக்கப்பட்டது. முன்பு குவாட்ரோ என்று பெயர்பெற்றிருந்தது, இப்போது அப்பெயர் விடப்பட்டு ஆர்.டி.எக்ஸ். என்னும் பெயரிலேயே வருகிறது. விளையாட்டு அட்டையும் ஆர்.டி.எக்ஸ். என்று பெயர்தாங்கி வருவதாற் குழப்பம் உண்டாகிறது. அடியிலுள்ள சில்லுகள் பெரும்பாலும் உறவினவே. வேறுபாடு அவற்றை இயக்கும் மென்பொருளில் இருக்கிறது. விளையாட்டிலே ஒரு கணம் ஓர் ஓரம் பிசகித் தெரிந்தால் ஒருவரும் கவலைப்படார். வரைபடத்திலே ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள். நாம் தொட்ட விளிம்புதான் தெரிவாகவேண்டும். ஆதலின் சொலிட்வேர்க்ஸ் முதலியவற்றை ஆக்குவோர் தொழில் அட்டைகளைச் சோதித்து, இன்ன அட்டை, இன்ன இயக்கி என்று பட்டியலிட்டுச் சான்று தருகிறார்கள். பொருளின் பளபளப்பை இயல்பாகக் காட்டும் ரியல்வியூ என்னும் வசதி அச்சான்று பெற்ற தொழில் அட்டைகளுக்கே உரியது.

அப்படியானால் தொழில் அட்டைதான் வாங்கவேண்டுமா? மாணவர்க்கு வேண்டியதில்லை என்றே நாம் சொல்வோம். ஓட்டோகாட், ரெவிட், பியூஷன் என்பன ஜீபோர்ஸ் அட்டையில் நன்றாகவே நடக்கின்றன. சொலிட்வேர்க்சிலும் பாடம் படிக்க அது தடையாகாது. சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையில், படம் நடுவிலே நின்றுவிட்டால் நட்டம் வரும் இடத்தில், சான்று பெற்ற அட்டைக்குப் பணம் கொடுப்பது நியாயம். மாணவன் அந்தப் பணத்தை நினைவகத்துக்குப் போடட்டும். அட்டையின் சொந்த நினைவகம் எவ்வளவு என்பதையும் பார்க்கவேண்டும். ஓட்டோகாட் 2025 அடிப்படையாக 2 ஜீ.பி.யும் பரிந்துரையாக 8 ஜீ.பி.யும் சொல்கிறது. ஒரே பெயருள்ள அட்டையும் ஒரே வலு உள்ளதன்று என்பது கடையில் ஒருவரும் சொல்லாத செய்தி. மடிக்கணினிக்குரிய ஆர்.டி.எக்ஸ். 4060 என்பது கணினியைச் செய்பவரின் விருப்பப்படி 35 வாற்றிலிருந்து 115 வாற்று வரை எந்த வலுவிலும் பூட்டப்படலாம். விபரத்தாளில் அந்த வாற்றுக் கணக்கைத் தேடிப் பாருங்கள்.

தனி அட்டை உள்ள கணினியை வாங்கிய பிள்ளையொன்று, "படம் இழுபடுது, அட்டை பழுது" என்று சொல்லிக்கொண்டு எம்மிடம் வந்தது. பார்த்தால் அட்டைக்கு ஒரு பழுதும் இல்லை. அதனிடம் வேலை போகவே இல்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க எண்ணிய கணினி, வரைபட மென்பொருளைச் செயலிக்குள் இருக்கும் சிறிய வரைகலைக்கே ஒப்படைத்திருந்தது. விண்டோசின் திரை அமைப்பினுள்ளே கிராபிக்ஸ் என்னும் பகுதியில் அம்மென்பொருளைச் சேர்த்து, உயர் செயல்திறன் என்பதைத் தெரிவு செய்தவுடன் குறை தீர்ந்தது. ஆயிரக்கணக்கான ரூபா கொடுத்து வாங்கிய அட்டை ஏழு மாதம் சும்மா இருந்திருக்கிறது.

வெப்பமும் மின்சாரமும் எமது நாட்டில் தனியே பேசத்தக்கவை. வலுவான செயலியும் அட்டையும் சூட்டைக் கக்கும். சூடு மிஞ்சினால் கணினி தன்னைக் காக்கத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். குளிரூட்டிய கடையில் ஓடியது, தகரக்கூரை வீட்டில் பங்குனி வெயிலில் அவ்வாறு ஓடாது. மெத்தைமேல் வைத்து வேலை செய்தல் கூடாது. அடியிலிருக்கும் காற்றுவழி அடைபடும். மின்கலத்தைப் பற்றியும் மயக்கம் வேண்டாம். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தது. அதை அனுபவித்தவர்கள், பத்து மணிநேரம் நிற்கும் மின்கலம் என்றவுடன் மயங்குவது இயல்பு. அந்தப் பத்து மணி கடிதம் எழுதுவதற்கான கணக்கு. 60 வாற்று-மணி கொள்ளும் மின்கலத்தில் 100 வாற்று இழுக்கும் வேலையைச் செய்தால், 36 நிமிடத்தில் விளக்கணைந்துவிடும். அன்றியும் சுவர்ச் செருகியைக் கழற்றியவுடனே வலுவான கணினிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் கீறுவோர் செருகியோடுதான் வாழவேண்டும். ஐந்து நிமிடத்துக்கொருமுறை சேமிக்கும் பழக்கத்தோடும் வாழவேண்டும்.

இனி வெளிநாட்டிலிருக்கும் மாமாமாரும் சித்தப்பாமாரும் அனுப்பும் கணினிகள். அன்பினால் அனுப்புகிறார்கள், அதைக் குறைசொல்ல எமக்கு வாயில்லை. ஆயினும் அனுப்புமுன் ஒரு வார்த்தை பேசிக்கொள்வது நல்லது. ஆப்பிள் கணினி அனுப்பினால், ஓட்டோகாட்டுக்கு அதற்கென ஒரு பதிப்பு உண்டு. ரெவிட்டுக்கும் சொலிட்வேர்க்சுக்கும் இல்லை. 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் செயலிக்கு மாறத்தொடங்கியது. அச்செயலி உள்ள கணினிகளில் முன்போல விண்டோசைத் தனியே நிறுவிக்கொள்ளும் வழியும் இல்லை. 2024 முதல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் என்னும் செயலியோடு, நீண்ட நேரம் மின்கலம் நிற்கும் விண்டோஸ் கணினிகள் வருகின்றன. அவை ஏ.ஆர்.எம். வகையைச் சேர்ந்தவை. ஓட்டோகாட்டின் தேவைப் பட்டியல் அவ்வகைச் செயலிகளை ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. மின்னேற்றிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ற்று வரை ஏற்பனவாதலின் எமது 230 வோல்ற்றுக்கு அஞ்சவேண்டியதில்லை.

பிரான்சிலிருந்து வரும் கணினியில் விசைப்பலகை வேறு. மேல்வரிசையில் இலக்கம் அடிக்க ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும். நாள் முழுவதும் அளவுகளை இலக்கமாக அடிக்கும் படவரைஞனுக்கு அஃது எவ்வளவு தொல்லை என்று நினைத்துப் பாருங்கள். ஜேர்மனியிலிருந்து வருவதில் 'வை' என்னும் எழுத்தும் 'இசட்' என்னும் எழுத்தும் இடம் மாறியிருக்கும். ஓட்டோகாட்டில் படத்தைப் பெருப்பித்துப் பார்க்கும் குறுங்கட்டளை அந்த 'இசட்'டே. வலப்பக்கத்தில் இலக்கத் தொகுதி தனியே உள்ள 15.6 அங்குலக் கணினியானால் பிரெஞ்சுத் தொல்லை பாதி தீரும். உத்தரவாதம் இந்நாட்டிற் செல்லுமா என்பதையும் அங்கேயே கேட்கச் சொல்லவேண்டும்.

திரை 1920க்கு 1080 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். எலிச்சுட்டி ஒன்று கட்டாயம் வாங்குக. நடுச்சில்லை அழுத்திப் படத்தை நகர்த்துவதும் சுழற்றுவதும் இத்தொழிலின் பாதி. விரலால் தடவிக்கொண்டு கட்டடம் கட்டமுடியாது.

கையிற் பணம் குறைந்தவர்க்கு ஒரு வழி உண்டு. அதனை நாம் பலருக்குச் சொல்லிப் பயன் கண்டிருக்கிறோம். டெல் நிறுவனத்தின் பிறிசிஷன், எச்.பி.யின் செட்புக், லெனோவோவின் திங்க்பாட் 'பி' வரிசை என்பன பொறியியல் வேலைக்கென்றே ஆக்கப்பட்டவை. நிறுவனங்கள் சில ஆண்டு பாவித்துக் கழித்தவை பழம்பொருட் சந்தைக்கு வருகின்றன. தடித்தவை, பாரமானவை, அழகற்றவை. ஆயினும் அவற்றுட் பலவற்றில் நினைவகத்தைக் கூட்டலாம், சான்று பெற்ற அட்டையும் இருக்கும். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிய பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலின் எட்டாந் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஆறாம், ஏழாந் தலைமுறைக் கணினிகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. மின்கலம் தேய்ந்திருக்கும், அதற்கும் ஒரு தொகையை ஒதுக்கிவைத்தே விலை பேசுங்கள்.

மென்பொருளுக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். ஓட்டோகாட்டும் ரெவிட்டும் மாணவர்க்கு இலவசம். மாணவரென்று நிறுவினால் ஓராண்டுக்கு உரிமை தருவார்கள், பின்பு புதுப்பிக்கலாம். ஆதலின் களவுப் பிரதியைப் பென் டிரைவில் கொண்டுதிரிந்து, அதனோடு வரும் நச்சு நிரலையும் வீட்டுக்கு அழைக்கவேண்டியதில்லை. பிரீகாட் எவர்க்கும் இலவசம். 2002 முதல் வளர்ந்து வந்து, 2024 நவம்பரில் 1.0 என்னும் பதிப்பை எட்டியது. ஒன்ஷேப் என்பது இணைய உலாவிக்குள்ளேயே நடப்பது. பெருங் கணக்குகளைத் தூரத்திலுள்ள கணினி செய்வதால், எளிய கணினியிலும் திண்ம உருவம் பழகலாம். இணைய இணைப்பு மட்டும் அறாமல் இருக்கவேண்டும்.

இறுதியாகக் கடையிற் செய்யவேண்டிய சோதனை. நாம் முன்னே சொன்ன அந்தத் தம்பி இப்போது ஓர் ஒப்பந்தகாரரிடம் படவரைஞனாக இருக்கிறான். தன்னைத் தவிக்கவைத்த அதே கட்டடத்தை ஐ.எப்.சி. என்னும் பொதுக்கோப்பாக மாற்றி, நிறுவாமலே ஓடக்கூடிய பிரீகாட்டோடு சேர்த்து ஒரு பென் டிரைவில் இட்டு, எமது சங்க நூல்நிலையத்தில் வைத்திருக்கிறான். கடையிலே கணினியைச் செருகியில் மாட்டி, அக்கோப்பைத் திறந்து, கட்டடத்தை அரைமணி நேரம் சுழற்றிக்கொண்டிருங்கள். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அங்கே செயலியின் வேகம் தொடக்கத்தில் எவ்வளவு, அரைமணிக்குப் பின் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். நினைவகப் பக்கத்தில் செருகுமிடம் எத்தனை, அவற்றுள் பாவனையில் உள்ளவை எத்தனை என்பதும் தெரியும். ஒட்டியதா என்பதை விபரத்தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு இடங்கொடாத கடையைவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். பென் டிரைவை நூல்நிலையப் பொறுப்பாளரிடம் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். அடுத்த ஞாயிறு மாலைக்குள் திருப்பித் தரவேண்டும், ஏனெனில் ஏற்கெனவே நான்கு வீட்டார் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.